இரண்டாவது அட்டை

கிர்ர்ர்ர் என்று அந்த மணி அலறியபோது லிஃப்டுக்குள் ஆள் யாரும் இல்லை.

காலையில் வந்த கையோடு லிஃப்டை நிறுத்தியாயிற்று. எல்லா மாடியிலும் கதவுக்குக் குறுக்கே மஞ்சள் பட்டை கட்டியாயிற்று. ஆனாலும் மணி அடித்தது. மூடிய கதவுக்குப் பின்னால், இருட்டுக் குழிக்குள், யாரோ மாட்டிக்கொண்டு கதறுவதுபோல் விடாமல் அடித்தது.

மாஸ்டரின் கையிலிருந்த காகிதக் கோப்பை நசுங்கியது. காபி மணிக்கட்டு வரை வழிந்தது. அவருக்குச் சூடு உறைக்கவில்லை.

"யாரு உள்ள?" என்றார் கட்டட மேனேஜர், முகம் வெளுத்து. "எல்லாரையும் படியிலதானே போகச் சொன்னேன்?"

பக்கத்தில் நின்ற வெல்டர் கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டான். அவன் உதடு மட்டும் அசைந்தது. என்ன முணுமுணுத்தான் என்று மாஸ்டருக்குத் தெரியும். 'தம்பி.'

மணி நின்றது. மேலே எங்கிருந்தோ ஒரு குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

"நான்தாம்பா! மணி வேலை செய்யுதான்னு பாத்தேன். செய்யுது!"

மாஸ்டர் மூச்சை விட்டார். பயம் எழுந்து போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இது என்ன பள்ளிக்கூடமா, மணி அடிச்சு ஆரம்பிக்க? எறங்கி வந்து உருளையை எடுத்துட்டுப் போ!"

"வரேம்பா. இன்னொரு தடவை பாத்துட்டு."

மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது.

"என் பொண்ணு" என்றார் மாஸ்டர், கையைத் துடைத்துக்கொண்டே. "எங்க கம்பெனியில அவளுக்கு ஆமைன்னு பேரு. நிஜ ஆமை கேட்டா அதுக்கு ரோஷம் வந்துரும்."

உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிற சின்னக் கம்பெனி அது. மாஸ்டர், வெல்டர், மகள் என்று மூன்றே பேர். போன வருஷம் வரை மகனும் இருந்தான். அவனைப் புயல் என்பார்கள். மாஸ்டர் வைத்த பட்டப்பெயர்தான். அந்தப் பெயரை அவர் சொல்லும்போது மீசைக்குக் கீழே ஒரு பெருமை தெரியும். இப்போதும் சொல்கிறார். பெருமை மட்டும் சரியாக ஒட்ட மாட்டேன் என்கிறது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கூண்டின் தலைமேல் ஏறி நின்று வேலை செய்யப் போகிறவர், முதலில் மொட்டை மாடியிலுள்ள மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைப்பார். பிறகு சுவிட்சின் கைப்பிடியில் தன் அட்டையை மாட்டுவார். சிவப்பு அட்டை, அதில் அவருடைய படம். நான் உள்ளே இருக்கிறேன், தயவுசெய்து என்னைக் கொன்றுவிடாதே என்பதுதான் அதன் அர்த்தம். மாட்டியவரேதான் அதை எடுக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் வேறு கை படக் கூடாது.

புயல் செத்த அன்றைக்கு அட்டை மாட்டவில்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. அந்தக் கட்டடத்துக் காவலாளி, பாவம், நடுங்கிக்கொண்டே ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒண்ணும் தொங்கலை சார். அதான் சுவிட்சைப் போட்டேன்."

அட்டை எங்கே என்று கேட்டபோது மாஸ்டர்தான் பதில் சொன்னார். "அவன் சட்டைப் பையிலேயே இருந்துச்சு. மாட்டிட்டு வரக்கூடப் பொறுமை கிடையாது அவனுக்கு. வேலையைப் பாத்தா பாய்ஞ்சிருவான். ஆர்வக் கோளாறு."

விசாரணைக்காரர்களிடம் சொன்னதை அப்புறம் சொந்தக்காரர்களிடம் சொன்னார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் வீட்டு நாற்காலிபோல் ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாரும் அதில் உட்கார்ந்து எழுந்து போனார்கள்.

ஆஸ்பத்திரியில் மகனின் துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தபோது, அதை வாங்கிக்கொண்டவள் மகள்தான். அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவரும் கேட்டதில்லை.

*

இன்று சாயங்காலம் தொழிற்பயிற்சிக் கல்லூரியில் ஒரு விழா. கொடுத்த வேலையை எல்லாருக்கும் முன்னால் முடிக்கிற மாணவனுக்குப் புயலின் பெயரில் ஒரு பரிசு. கொடுப்பவர் மாஸ்டர். கொடுத்துவிட்டுப் பேசவும் வேண்டும். தலைப்பும் அவர்களே கொடுத்திருந்தார்கள், இளைஞர்களுக்கு ஊக்கம் ஊட்டுவது எப்படி என்று.

ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறார். இன்று காலையும் பேசினார்.

"என் பையனை யாரும் தட்டி எழுப்ப வேண்டியதில்லை. விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கிளம்பிடுவான். நான் போய்ச் சேரும்போது பாதி வேலை முடிஞ்சிருக்கும். அதுதான் ஊக்கம். அதுதான் வெறி. கடைசி நாள்லகூட, அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்ட நேரமில்லாம..."

சட்டைப் பை என்கிற இடம் வந்ததும் அவர் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். தினமும் அந்த இடத்தில்தான் அவளுக்கு அடுப்பில் ஏதோ வேலை வந்துவிடுகிறது.

மகள் வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அதற்கும் அவசரமில்லை அவளுக்கு.

"அப்பா, அண்ணன் எதுக்கு அவ்வளவு சீக்கிரம் கிளம்புவான்னு அவனை நீங்க கேட்டிருக்கீங்களா?"

"இதைக் கேக்கணுமா? வேலை மேல ஆசை. உனக்கு அதெல்லாம் புரியாது."

"ம்" என்றாள் அவள். அந்த 'ம்' அவருக்குப் பிடிக்கவில்லை.

வண்டியில் ஏறும்போது முடிவாகவே சொல்லிவிட்டார். "இதான் உனக்குக் கடைசி. மதியத்துக்குள்ள அந்த லிஃப்ட் ஓடணும். ஓடலை, நாளையிலேர்ந்து உன் மாமா கடையில உக்காந்து செல்போன் உறை விக்கலாம். அங்க யாரும் உன்னை அவசரப்படுத்த மாட்டாங்க."

அவள் முகம் சுருங்கியது. கை தானாகக் கருவிப் பையை இறுக்கிப் பிடித்தது. பிடுங்கிவிடுவார்களோ என்று குழந்தை பொம்மையைப் பிடிப்பதுபோல.

"இந்த வேலையை விட்டுருவேன்னு மட்டும் நினைக்காதீங்கப்பா" என்றாள்.

"வேலை செஞ்சாத்தானேடி விடறதுக்கு!"

வெல்டர் பின்சீட்டில் சிரித்தான். பிறகு சிரித்தது தப்போ என்று இருமினான்.

*

இந்த வெல்டரால்தான் இரண்டு மாதமாக மாஸ்டருக்கு நிம்மதி இல்லை.

இரும்பை உருக்குகிறவனுக்கு மோட்டார் அறைக்குள் போகப் பயம். காரணம் கேட்டால் முதலில் மழுப்பினான். மாஸ்டர் விடுமுறை எடுத்திருந்த ஒருநாள் சாயங்காலம், டீக்கடையில் வைத்து அழாத குறையாகச் சொன்னான். "மாஸ்டர், திட்டாதீங்க. போன வாரம் அந்தத் துணிக்கடைக் கட்டடத்துல சுவிட்சுல தம்பியோட அட்டை தொங்குச்சு. சத்தியமா பாத்தேன். சிரிச்சிட்டு இருந்தான். அதுக்கு முந்தி அந்தக் கண் ஆஸ்பத்திரியிலயும் பாத்தேன். தம்பி இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கான் மாஸ்டர்."

மாஸ்டர் அவனைக் கண்டபடி ஏசினார். வீட்டுக்கு வந்ததும் நேராக அலமாரிக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். மகனின் அட்டை அவர் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே இருந்தது. அப்பாடா என்று கையில் எடுத்தார். விரல் வழுக்கியது.

அட்டையின் ஓரத்தில் கிரீஸ் இருந்தது. ஈரமான, புதுக் கிரீஸ்.

ஒரு வருஷமாக இழுப்பறைக்குள்ளேயே கிடக்கிற அட்டை. அவர் வேட்டி நுனியால் துடைத்து உள்ளே போட்டுவிட்டு, தன் கையில் இருந்த கிரீஸாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் விடுமுறையில் இருந்தார் என்பதையும், கையில் சோப்பு வாசனை அடித்தது என்பதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. சட்டையின் இடது பையில் இப்போதெல்லாம் எதையும் வைப்பதில்லை. பேனாகூட வலது பக்கம் தைக்கச் சொன்ன தனிப் பையில்தான். இடது பக்கம் எதையாவது வைத்தால் நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் கனக்கிறது. டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு இதயம் நன்றாக இருக்கிறது என்றார். அது எப்படி நன்றாக இருக்கும் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

*

மகள் உருளைகளை எடுத்துப் போகக் கீழே வந்தாள். கூண்டு தண்டவாளத்தில் ஆடாமல் ஓட, அதன் தலையில் நான்கு மூலையிலும் ரப்பர் உருளைகள் இருக்கும். தேய்ந்து போனதை மாற்ற வேண்டும். வேலை அவ்வளவுதான். அவள் ஒவ்வொரு உருளையாக எடுத்து, சுற்றிவிட்டு, காதருகே வைத்துச் சத்தம் கேட்டாள்.

"பாட்டு கேக்கறா" என்றார் மாஸ்டர்.

மேனேஜர் உற்சாகமாகிவிட்டார். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷம். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு சார். வளர்ந்த பையன். மதியம் வரைக்கும் படுக்கை. பைக் வாங்கித் தரேன்னேன், எழுந்திருக்கலை. பைக்கைத் தர மாட்டேன்னேன், அப்பவும் எழுந்திருக்கலை! இந்தக் காலத்துப் பசங்களை எந்தச் சாவி போட்டுத் திருகினா ஓடுவாங்கன்னே தெரியலை." அவள் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. உங்களுக்கெல்லாம் என்னதான் குடுத்தா ஆர்வம் வரும்?"

அவள் யோசித்தாள். கேள்வியை நிஜமாகவே யோசித்தாள்.

"ஒண்ணும் குடுக்க வேணாம் சார். இருக்கறதை எடுக்காம இருந்தா போதும்."

"அப்படின்னா?"

"உங்க பையனை எழுப்பறப்ப என்ன சொல்லி எழுப்புவீங்க?"

"என்ன சொல்லுவேன்... 'டேய் தண்டச்சோறு'ன்னுவேன். எல்லாரும் சொல்றதுதானே."

"அந்தப் பேருக்கு எந்திரிச்சு வரணும்னு எனக்கும் தோணாது சார்." உருளைகளைப் பையில் போட்டுக்கொண்டு அவள் படியேறினாள். ஒவ்வொரு படியாக.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். மாஸ்டருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டது.

"பேச்சுல மட்டும் எக்ஸ்பிரஸ். கையில கூட்ஸ் வண்டி. விடுங்க, இவங்களுக்கெல்லாம் என்கிட்ட ஒரு டானிக் இருக்கு."

"என்ன டானிக்?"

"பசங்க உள்ள அசமந்தமா உருட்டிட்டு இருப்பாங்க. நான் நைசா மோட்டார் ரூமுக்குப் போய் அட்டையை எடுத்துப் பையில போட்டுக்குவேன். வந்து கதவு இடுக்குல வாயை வெச்சு, 'அட்டையை எடுத்துட்டேண்டோய், கரெண்ட் வருதுடோய்'னு ஒரு கத்து. அவ்வளவுதான்! அரைநாள் வேலையை அரைமணியில முடிச்சிட்டுக் குரங்கு மாதிரி ஏறி வருவாங்க." அவர் சிரித்தார். "நிஜமா போட மாட்டேன். சும்மா பயம் காட்டறது. எங்கிட்டத் தொழில் கத்துக்கிட்டவன் அத்தனை பேரும் இந்த டானிக் குடிச்சவன்தான். இன்னிக்கு எல்லாம் பெரிய பெரிய கம்பெனியில இருக்கான்."

"பலே! உங்க பையனுக்கும் குடுப்பீங்களா? அதான், பரிசு எல்லாம் குடுக்கறாங்களே, அந்தப் பையனுக்கு?"

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. வலது கை எழுந்து இடது மார்பைத் தடவியது.

"அவனுக்கு... அவனுக்கு டானிக்கே தேவைப்படலை" என்றார்.

வெல்டர் தரையைப் பார்த்தான். தரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

*

வெயில் ஏறியது. மாடி மாடியாகப் படியேறி இறங்கியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மாஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். மேனேஜர் கடிகாரத்தையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாஸ்டர் கதவு இடுக்கில் வாயை வைத்தார். "என்னம்மா, மூணாவது உருளை பாட்டு முடிச்சிருச்சா?"

குழிக்குள் மேலேயிருந்து குரல் வந்தது, கிணற்றுக்குள் பேசுவதுபோல. "இன்னும் ஒண்ணுதாம்பா. தண்டவாளத்துல ஒரு இடம் சொரசொரன்னு இருக்கு, அதையும் தேச்சிடறேன்."

"அதை யார் கேட்டா?"

"யாரும் கேக்கலை. ஆடும்ல."

மாஸ்டர் வாயை இடுக்கிலிருந்து எடுத்தார். சாயங்காலம் மேடையில் ஏறி, இளைஞர்களை இப்படி ஓட வைக்கலாம், அப்படி ஓட வைக்கலாம் என்று பேசப் போகிறார். சொந்த மகளை ஓட வைக்க முடியவில்லை. புயலாக இருந்தால் இந்நேரம்... அந்த நினைப்பு முழுசாக முடியுமுன் கால்கள் படியேற ஆரம்பித்துவிட்டன.

"மாஸ்டர்!" வெல்டர் கீழேயிருந்து கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. "வேணாம் மாஸ்டர். பாப்பா முடிச்சிடும்."

"நீ உன் வேலையைப் பாருடா, பேய் பிடிச்சவனே."

மொட்டை மாடியில் கண்ணைக் கூசும் வெயில். மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை. சூடான கிரீஸ் வாசனை மட்டும் முகத்தில் மோதியது. அறையின் நடுவில் பெரிய சக்கரம், அதிலிருந்து தரையிலுள்ள ஓட்டை வழியாகக் குழிக்குள் இறங்கும் கம்பிவடங்கள். ஓட்டைக்குக் கீழே, ஆழத்தில், டார்ச் வெளிச்சம் ஒன்று நிதானமாக அசைந்தது. அவள்.

சுவரில் மெயின் சுவிட்ச். கைப்பிடியில் சிவப்பு அட்டை. மகளின் படம், சிரிக்காமல், நேராகப் பார்த்தபடி.

கைக்குப் பழக்கம் இருந்தது. கொக்கியை விரலால் நெம்பி, அட்டையை உருவி, பார்க்காமலே சட்டைப் பையில் போட்டது. அவர் சொல்லாமல் அதுவே செய்தது. போட்ட பிறகுதான் தெரிந்தது, இடது பை.

நெஞ்சு கனத்தது.

நிமிர்ந்து பார்த்தார். சுவிட்ச் காலியாக இல்லை.

எடுத்த அட்டைக்குப் பின்னால் இன்னொரு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ மாட்டிவிட்டுப் போனதுபோல. அதில் ஒரு பையன் சிரித்தான். படம் எடுக்கும் நேரம் பார்த்து வெயில் பட்டு ஒரு கண் பாதி மூடியிருக்கும். அந்தப் பாதிக் கண்ணை மாஸ்டர் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பார்.

புயல்.

'தம்பி இன்னும் வேலைக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கான் மாஸ்டர்.' அறைக்குள் காற்று இல்லை. அட்டை மட்டும் ஆடியது.

பின்னால் செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது. மேனேஜர். மூச்சு வாங்கியது, முகத்தில் சிரிப்பு.

"நீங்க மேல வந்ததுமே நினைச்சேன், டானிக்தான்னு! அட, எடுத்துட்டீங்களே!" மாஸ்டரின் பையில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு ஓரத்தைப் பார்த்துவிட்டார். "அப்ப முடிஞ்சுதா? எறங்கியாச்சா? போட்டுரலாமா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படியேறிய ஜனங்களின் முணுமுணுப்பு காதில் இருந்தது அவருக்கு. கை நீண்டு கைப்பிடியைப் பிடித்தது.

மாஸ்டர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காலை நகர்த்தப் பார்த்தார். தரையோடு தைத்ததுபோல் இருந்தது. ஓட்டைக்குக் கீழே டார்ச் வெளிச்சம் அசைந்தது.

மேனேஜரின் கை நின்றது.

"இருங்க. இன்னொண்ணு தொங்குதே." குனிந்து படத்தைப் பார்த்தார். "யாரு சார் இந்தப் பையன்? காலையில நான் பாக்கலையே. இவனும் உள்ளதான் இருக்கானா?"

அந்த நேரம் பார்த்துக் குழிக்குள் மணி அடித்தது. கிர்ர்ர்ர்.

மேனேஜர் சுவிட்சைத் தீப்பட்டவர்போல் விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தார். நடந்திருக்கக் கூடியது என்ன என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்க பொண்ணு உள்ளதான் இருக்கா... ஐயோ! நல்லவேளை சார். ஒண்ணும் தொங்காம இருந்திருந்தா நான் போட்டிருப்பேன்."

மாஸ்டருக்கு அந்த வாக்கியம் புதிதில்லை. ஒரு காவலாளி நடுங்கிக்கொண்டே சொன்ன அதே வாக்கியம். ஒரு வருஷமாகக் காதுக்குள்ளேயே குடியிருந்த வாக்கியம். இப்போது வேறொரு வாயிலிருந்து வந்தது.

"கீழே போங்க" என்றார். அவருக்கே கேட்காத குரல். "தயவுசெஞ்சு கீழே போங்க."

*

குழிக்குள் அடித்தது, வேலை முடிந்தது என்பதற்கு அவள் அடிக்கிற கடைசி மணி. கொஞ்ச நேரத்தில் படியேறி வந்தாள். கன்னத்தில் கிரீஸ், கூந்தலில் ஒட்டடை. மோட்டார் அறை வாசலில் நின்றாள்.

கருவிப் பெட்டி மேல் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சுவிட்சில் ஒரே ஒரு அட்டை தொங்குவதைப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. அதுதான் அவரை மேலும் அறுத்தது.

"சும்மா..." என்றார் மாஸ்டர். "சும்மா டானிக்மா. நான் போட மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்க போட மாட்டீங்கப்பா. தெரியும்." அவள் மேனேஜர் இறங்கிப் போன படிக்கட்டைப் பார்த்தாள்.

"அவன் அட்டையை ஏன்மா எடுத்துட்டு வந்தே?"

"என் அட்டை மட்டும் இருந்தா எடுத்துருவீங்க. அண்ணன் அட்டைன்னா உங்களுக்குக் கை வராது. அதான் தினமும் கொண்டு வந்து பின்னாடி மாட்டிக்கறேன். சாயந்திரம் இழுப்பறையில வெச்சிருவேன்."

"அந்த வெல்டர் பேய்னு சொல்லிட்டு அலையறான்."

"நானும் மறுக்கலை. அண்ணன் இருக்கட்டும்னுதான் நானும் நினைச்சேன்."

மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையா மற்றதா என்று அவருக்கே தெரியவில்லை. "இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்கு இந்த வேலைக்கு வரணும்? மாமா கடைக்குப் போயிருக்கலாமே."

"எனக்கு இது பிடிக்கும்ப்பா." அவள் சக்கரத்தைத் தொட்டாள், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல். "கதவு திறந்ததும் எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டே எறங்கிப் போவாங்க. ஒரு கம்பியில தொங்கிட்டு இருந்தோம்கற நினைப்பே இருக்காது. அந்த நினைப்பே வராம பாத்துக்கறது நம்ம வேலை. அதை நினைச்சா எனக்குத் தானா வேலை ஓடுது. யாரும் பின்னாடி நின்னு கத்த வேணாம்."

கீழே லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களின் சத்தம் குழி வழியாக மேலே வந்தது. மாஸ்டர் தலையை ஆட்டினார், தனக்குள் எதையோ உதறிவிடப் பார்ப்பவர்போல.

"உனக்கு அப்படி. உங்கண்ணன் வேற. அவனுக்கு வெறி. விடியறதுக்கு முன்னாடியே..."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி" என்றாள் அவள்.

"என்ன?"

"விடியறதுக்கு முன்னாடி இல்லப்பா. நீங்க வர்றதுக்கு முன்னாடி. நீங்க வந்தா அட்டையை எடுத்துருவீங்க. அதனால நீங்க வர்றதுக்குள்ள கூண்டு மேல இருக்கற வேலையை முடிச்சிடணும்னு ஓடுவான். எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவான். பல்லைத் தேய்க்கறப்பவே அவனுக்குக் கை நடுங்கும். நீங்க எல்லார்கிட்டயும் அதை ஆர்வம்னு சொன்னீங்க. அவன் கேட்டுட்டுச் சிரிப்பான்."

மாஸ்டர் சுவிட்சைப் பார்க்கவில்லை. பார்க்காமலே அந்தப் பாதிக் கண் தெரிந்தது.

"அன்னிக்கு மட்டும் பஸ் கிடைக்கலை" என்றாள் அவள். "அன்னிக்கு மட்டும் உங்களுக்கு அப்புறம்தான் போனான்."

"அவன் மாட்டவே இல்லைம்மா!" மாஸ்டரின் குரல் திடீரென்று உயர்ந்து, அறைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. மேடைக்காகத் தயார் செய்த அதே குரல். "அட்டை அவன் சட்டைப் பையிலேயே இருந்துச்சு. ஊருக்கே தெரியும். விசாரணையிலயே..."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு உருளையைக் காதருகே வைத்துச் சத்தம் கேட்பாளே, அந்தப் பார்வை. பிறகு அவள் கண் மெதுவாக இறங்கி, அவருடைய இடது பையில் நீட்டிக்கொண்டிருந்த சிவப்பு ஓரத்தில் நின்றது. மாஸ்டரின் கை தானாக எழுந்து அதை மூடியது.

அவள் கையை நீட்டினாள்.

அவர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதை எடுத்த பிறகும் கனம் குறையவில்லை. அவள் அட்டையில் பட்டிருந்த வியர்வையைத் துடைத்தாள். அப்பாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில அண்ணன் துணியை நான்தான் வாங்கினேன். அன்னிக்கு அவன் போட்டிருந்தது வெறும் பனியன்ப்பா. அதுல பையே கிடையாது."